ஜட்லாண்டில் மோதிய இரண்டு மருந்துகள்: பிரிட்டிஷ் கார்டைட்டும் ஜெர்மன் குழல் மருந்தும்

1916 மே 31 அன்று வடகடலில் நடந்த ஜட்லாண்ட் போரில் இன்டிஃபாட்டிகபிள், குயின் மேரி, இன்வின்சிபிள் ஆகிய மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வெடித்துச் சிதறின. 3,300 பேருக்கு மேல் மாண்டார்கள். அதே போரில் ஜெர்மனியின் டெர்ஃப்லிங்கரில் இரண்டு பீரங்கிக் கோபுரங்கள் உள்ளிருந்த பீரங்கி மருந்தோடு எரிந்தன. கப்பல் துறைமுகம் திரும்பியது.

பிரிட்டிஷார் வேகமாகச் சுடும் ஆசையில் மருந்துக் கிடங்குக் கதவுகளைத் திறந்து வைத்ததுதான் காரணம் என்பது வழக்கமான விளக்கம். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. மீதி மருந்திலும் அதன் உறையிலும் இருக்கிறது.

குண்டைப் பீரங்கியிலிருந்து தள்ளும் உந்துமருந்து எரியக் காற்று வேண்டாம். ஆக்சிஜன் அதற்குள்ளேயே உண்டு. மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரியும், அழுத்தம் கூடினால் எரியும் வேகமும் கூடும். வாயு வெளியேற வழியிருந்தால் அது பெருந்தீ. வழியில்லாவிட்டால் அழுத்தமும் வேகமும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு வெடிப்பில் முடியும். அதனால் ஒரே நேரத்தில் எத்தனை மருந்துப் பொதிகள் பற்றுகின்றன என்பதே உயிர்நாடி. பிரிட்டிஷ் கனரகப் பீரங்கிகளின் உந்துமருந்தான கார்டைட் பட்டுப்பையில் வந்தது. பையின் முனையில் எளிதில் பற்றும் கருமருந்து. ஜெர்மானியர் தங்கள் குழல் வடிவ மருந்தின் முக்கியப் பொதியைப் பித்தளைக் கூட்டில் அடைத்தார்கள். தீ ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவ நேரமெடுக்கும், அதற்குள் வாயு வெளியேறிவிடும். 1915 ஜனவரியில் டாகர் பேங்க் போரில் ஜெர்மன் கப்பல் ஸைட்லிட்ஸின் பின்கோபுரங்கள் இரண்டும் எரிந்து சுமார் 160 பேர் இறந்தபோதும் கிடங்கு வெடிக்கவில்லை. உரிய நேரத்தில் நீரைத் திறந்துவிட்டதற்கும் அதில் பங்குண்டு. ஜெர்மன் கப்பல்கள் வெடிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது: ஜட்லாண்டில் டார்பிடோ தாக்கிய பொம்மெர்ன் வெடித்து மூழ்கியது.

அடுத்தது, சேமிப்பில் மருந்து கெடுவது. இரு மருந்துகளிலும் உள்ள நைட்ரோசெல்லுலோஸ் மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை விடும்; அவை சிதைவை மேலும் தூண்டும். வெப்பம் சேர்ந்தால் மருந்து தானே பற்றிக்கொள்ளும். இதைத் தடுக்க ஜெர்மானியர் சென்ட்ரலைட் என்ற நிலைப்படுத்தியைக் கலந்தார்கள். கார்டைட்டில் இருந்தது வாசலின். பீரங்கிக் குழலின் தேய்மானத்தைக் குறைக்கச் சேர்த்த அது நிலைப்படுத்தவும் உதவியது, ஆனால் சென்ட்ரலைட் அளவுக்கு அல்ல. 1917 ஜூலை 9 அன்று பிரிட்டிஷ் கடற்படைத் தளமான ஸ்காபா ஃப்ளோவில் நங்கூரமிட்டிருந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் வான்கார்ட், எதிரி எவரும் சுடாமலே வெடித்து 843 பேரைப் பலிகொண்டது. காரணம் உறுதியாகவில்லை, சந்தேகம் கெட்டுப்போன கார்டைட் மீதும் விழுந்தது. நீலகிரியின் அருவங்காட்டிலும் தயாரான மருந்து என்பதால் இந்த வரலாறு நமக்கும் அந்நியமல்ல.

என் கணிப்பில், சண்டையில் ஜெர்மானியரைக் காத்ததில் பித்தளைக் கூட்டுக்கே முதலிடம். துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கோ நிலைப்படுத்திதான் காவல். 1920களின் பிற்பகுதியில் பிரிட்டன் சென்ட்ரலைட் கலந்த புதிய கார்டைட்டுக்கு மாறியது. ஆனால் அதன் பெரும்பீரங்கிகள் இரண்டாம் உலகப் போரிலும் பைப்பொதிகளையே பயன்படுத்தின.