பத்து வருஷமாக இணையத்தில் தீர்ப்பு தேடுகிறேன்: எது கைகொடுத்தது, எது காலை வாரியது

நான் 2014-ல் சீனியர் ஆபீசில் ஜூனியராகச் சேர்ந்தபோது, ரூலிங் (முன்னுதாரணத் தீர்ப்பு) தேடுவது என்றால் அலமாரியைத்தான் புரட்ட வேண்டும். எம்.எல்.ஜே., லா வீக்லி, சி.டி.சி. என்று வரிசையாகத் தீர்ப்புத் தொகுப்பு வால்யூம்கள். டைஜஸ்டில் (தலைப்புவாரிச் சுருக்கத் தொகுப்பு) தலைப்பைப் பிடித்து, பக்கத்தைக் குறித்துக்கொண்டு, புத்தகத்தோடு ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவேன். இன்று அதே வேலையை முன்சீப் கோர்ட் வராந்தாவில் நின்றபடி போனிலேயே முடித்துவிடுகிறேன். என் வழக்குக் கட்டுகளில் முக்கால்வாசி சிவில்: பாகப்பிரிவினை, பாத்தியதை, உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு). அதனால் இது ஒரு சிவில் வக்கீலின் அனுபவம்.

தினமும் திறப்பது இந்தியன் கானூன். சுஷாந்த் சின்ஹா 2008-ல் தொடங்கிய இலவசத் தளம். சந்தா கட்ட வழியில்லாத ஜூனியருக்கு அது செய்திருக்கும் உபகாரத்தை வார்த்தையில் சொல்லி முடியாது. ஆனால் பெட்டியில் நாலு வார்த்தை தட்டி, முதலில் வந்ததை அச்செடுத்துக்கொண்டு போகிறவருக்கு அது உதவாது. நான் அப்படிப் போய்ப் பட்டிருக்கிறேன்.

2021 தொடக்கம். ஒரு பாகப்பிரிவினை வழக்கில் அண்ணன் தம்பிகளுக்காக ஆஜராகியிருந்தேன். அப்பா 2001-லேயே காலமாகிவிட்டார். தங்கை பங்கு கேட்டு வழக்குப் போட்டிருந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் அமலுக்கு வந்த செப்டம்பர் 9 அன்று அப்பாவும் மகளும் உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குக் கூட்டுப்பங்குரிமை (கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்குரிமை) என்று சொன்ன பிரகாஷ் எதிர் பூலாவதி தீர்ப்பை எடுத்து, பாராவுக்குப் பாரா கோடு போட்டு வைத்திருந்தேன். வாதத்தை ஆரம்பித்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. எதிர்த்தரப்பு சீனியர் எழுந்து வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா தீர்ப்பை நீட்டினார். 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு வழங்கியது. பிறப்பாலேயே உரிமை, அப்பா அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று பூலாவதியை மாற்றிவிட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன். கட்சிக்காரர் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

தளத்தில் அதற்கு மருந்து அன்றே இருந்தது. ஒவ்வொரு தீர்ப்பின் தலையிலும் 'சைட்டட் பை' என்று ஒரு இணைப்பு இருக்கும். இந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துப் பேசியிருக்கின்றன என்று அது காட்டும். அன்றிலிருந்து எதையும் அச்செடுக்கும் முன் அதை அழுத்தி, புதியவை முதலில் வரும்படி மாற்றி, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கிறேன். பத்து நிமிடம் பிடிக்கும். இந்த ஒரு பழக்கம் இல்லையென்றால் மற்ற எந்தத் தளமும் உங்களைக் காப்பாற்றாது.

நம் ஊர் வழக்குகளுக்கென்றே ஒரு சிக்கல் எழுத்துக்கூட்டல். புறம்போக்கு என்ற சொல்லை ஆங்கிலத் தீர்ப்புகளில் பொரம்போக், பொரம்போக்கு, புரம்போக்கு என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். கிராம நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்பதைச் சேர்த்தும் எழுதுவார்கள், பிரித்தும் எழுதுவார்கள். ராமசாமிக்கு எத்தனை ஸ்பெல்லிங் என்று எண்ணவே முடியாது. ஒரே கேள்வியை நாலு ஸ்பெல்லிங்கில் போடாமல் "ரூலிங் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு நத்தம் வழக்கில் எனக்கு வேண்டியது மூன்றாவது ஸ்பெல்லிங்கில்தான் கிடைத்தது.

இன்னொன்று, ஜூனியர்கள் அடிக்கடி விழும் குழி. தேடல் முடிவில் கண்ணில் படும் அழகான வரி பல சமயம் நீதிமன்றம் சொன்னதாக இருக்காது, வக்கீல் வாதிட்டதாக இருக்கும். நீதிபதி அதைப் பதிவுசெய்துவிட்டு அடுத்த பாராவிலேயே நிராகரித்திருப்பார். வாதம் எது, தீர்மானம் எது என்று பத்திகளைப் பிரித்துக் காட்டும் வசதி இப்போது தளத்தில் இருக்கிறது. இருந்தாலும் மேலே நாலு பாரா, கீழே நாலு பாரா படிக்காமல் நான் எதையும் எடுப்பதில்லை.

எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா என்ற சந்தாத் தளங்கள் இரண்டையும் வக்கீல் சங்க நூலகக் கணினியில் பயன்படுத்துகிறேன். ஹெட்நோட்டும் (தீர்ப்பின் சாரக் குறிப்பு), தீர்ப்பு மாற்றப்பட்டிருந்தால் வரும் எச்சரிக்கையும் கட்டும் காசுக்குத் தகும். மாதம் இரண்டு மூன்று அப்பீல் எழுதுகிறவருக்குச் சந்தா தேவை. ஆரம்ப நிலையில் இருப்பவர் அவசரப்பட வேண்டாம். 2023 ஜனவரியில் வந்த இ-எஸ்.சி.ஆர். தளம் உச்ச நீதிமன்றத்தின் அதிகாரப்பூர்வத் தொகுப்பையே இலவசமாகத் தருகிறது. கோர்ட்டில் கொடுக்க நான் எடுப்பது அந்தப் பிடிஎஃப்தான்.

சட்ட வாசகத்துக்கு இந்தியா கோட் தளம். அங்கே மத்தியச் சட்டத்தைப் படித்ததோடு நிறுத்தினால் மாநிலத் திருத்தம் தவறிப்போகும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகள்களுக்கும் கூட்டுப்பங்குரிமை தரத் தமிழ்நாடு சேர்த்த 29-ஏ பிரிவு 25.3.1989 முதல் அமலானது. அதற்கு முன் திருமணமான மகள்களுக்கு அதில் பங்கில்லை. 2005 மத்தியத் திருத்தம் திருமணம் ஆனவர், ஆகாதவர் என்று பிரிக்கவில்லை. பழைய தீர்ப்புகளில் 29-ஏ வரும்போது இது தெரியாமல் படித்தால் குழம்பிப்போவீர்கள்.

கிரிமினல் பக்கம் போகிறவர்களுக்கு 2024 ஜூலை 1 முக்கியமான தேதி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482-ம் பிரிவு என்றால் வழக்கை ரத்து செய்யும் மனு. அந்தத் தேதியில் அதற்குப் பதிலாக அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 482 முன்ஜாமீன், ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. வெறும் எண்ணைப் போட்டுத் தேடினால் இரண்டும் கலந்து வரும். சட்டத்தின் பெயரையும் தேதி வரம்பையும் சேர்த்துப் போடுங்கள்.

ஏ.ஐ. கருவிகளை நான் தேடுசொல் யோசிக்க மட்டும் வைத்துக்கொள்கிறேன். என் ஜூனியர் ஒருமுறை ஏ.ஐ.யிடம் வாங்கிவந்த சைட்டேஷன் (தீர்ப்பின் மேற்கோள் விவரம்) கச்சிதமாக இருந்தது, வருஷம் பக்கம் எல்லாம் உண்டு. எந்தத் தளத்திலும் அந்த வழக்கே இல்லை. 2023-ல் நியூயார்க்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. மூலத்தைத் திறந்து பார்க்காத எந்த சைட்டேஷனும் என் மெமோவில் ஏறாது.

வாய்தா தேதிக்கு இ-கோர்ட்ஸ் செயலி போதும். ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைக் கட்சிக்காரருக்கே கொடுத்துவிட்டால், "அடுத்த வாய்தா எப்போ சார்" என்ற போன் பாதியாகக் குறையும்.

கீழமை நீதிமன்றங்களின் பழைய தீர்ப்பாணைகள் (டிக்ரி) மட்டும் இன்னும் எதிலும் கிடைப்பதில்லை. இப்போது கையில் உள்ள ஒரு வழக்கு முழுக்க 1974-ம் வருஷத்து டிக்ரி ஒன்றைச் சார்ந்திருக்கிறது. அதற்கு நகல் மனு போட்டுவிட்டு, வாராவாரம் ரெக்கார்டு ரூம் வாசலில் போய் நிற்கிறேன்.