தோல் வேலைப்பாடு பழக: ஸ்டாம்பா, கத்தியா?

தோலில் பூவேலை பழக வருகிறவர்களுக்கு இரண்டு வழி. பாய் முடைச்சல் போன்ற அச்சுள்ள ஸ்டாம்பை வரிசையாக அடித்துப் போவது ஒன்று. அலகு சுழன்று திரும்பும் ஸ்விவெல் கத்தியால் கோடு கீறி, ஓரத்தைப் பெவெலர் என்ற சரிவு முனைக் கருவியால் தட்டி அமுக்கிப் புடைப்புக் கொண்டுவருவது இன்னொன்று.

தோல் இரண்டுக்கும் ஒன்றுதான். மரப்பட்டையில் பதனிட்டதாக இருக்க வேண்டும்; குரோம் உப்பில் பதனிட்ட தோலில் தடம் சரியாக நிற்காது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஊர்தான் திண்டுக்கல், ஆனாலும் இன்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நகத்தால் அழுத்துங்கள். தடம் நின்றால் எடுக்கலாம். ஆட்டுத்தோல் மெல்லிசு. 3 மி.மீ. கனமுள்ள மாட்டுத்தோல் கைக்கு வசதி.

ஸ்டாம்பில் முதல் நாளே ஒரு சாவிக்கொத்துப் பட்டை முடிந்துவிடும். மேலூர் இருக்கிற மதுரை மாவட்டத்தில் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமா? அதை அடியில் போட்டு மரச்சுத்தியலால் அடிக்க வேண்டியதுதான். ஆனால் முதல் வரிசை மயிரிழை சாய்ந்தால் பத்தாவது வரிசையில் கோணல் பளிச்சென்று தெரியும். அழிக்க வழியில்லை. வேறு வடிவம் வேண்டுமா, வேறு ஸ்டாம்ப் வாங்க வேண்டும்.

கத்தி முதல் வாரம் படுத்தி எடுக்கும். தோல் சொதசொதவென்றிருந்தால் கீறிய கோடு மழுங்கி மூடிக்கொள்ளும். காய்ந்துபோனால் கத்தி இழுக்கும். நனைத்த தோலின் நிறம் பழையபடி திரும்பத் தொடங்க வேண்டும், ஆனால் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். அதுதான் பதம். கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் போதும். ஈரத்தோலில் இரும்புத்தூள் மட்டும் படக்கூடாது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மை ஆவதுபோலக் கறுத்துவிடும். என் முதல் துண்டு அப்படித்தான் வீணானது.

அப்புறம் அம்மா வாசலில் போடும் சிக்குக்கோலத்தை இரட்டைக் கோடாகக் கீறிப் பார்த்தேன். இழைகள் குறுக்கிடும் இடத்தில் அடியில் போகும் இழையின் கோட்டை நிறுத்தி, மேலிழையின் ஓரமாக அதை அமுக்கினால், மேலிழை முறுக்கிய கயிறு போல எழும்பி நிற்கிறது! பாய் ஸ்டாம்பால் இந்த வளைவுக்குள் போகவே முடியாது.

பிள்ளைகளுக்கென்றால் ஸ்டாம்ப் சரி. பெரியவர்கள் ஒரு கத்தி, ஒரு பெவெலரோடு தொடங்குங்கள். இந்த இரண்டை வைத்தே எத்தனையோ கோலம் போடலாம். ஸ்டாம்ப் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். கோலத்துப் புள்ளிகளுக்குத் தேவைப்படும்.