ஈமேக்ஸ் அரைகுறையாகத் திறந்தால்: துடைத்துவிடுவதா, பாதி பாதியாகத் தேடுவதா?

உபுண்டு இயங்குதளத்தில் 22.04இலிருந்து 24.04க்கு மாறினேன். கூடவே ஈமேக்ஸ் என்ற உரைத் திருத்தியும் 27.1இலிருந்து 29.3க்குத் தாவியது. திறந்தால் வெள்ளைத் திரை. என் கறுப்புத் தீம் இல்லை, வரி எண் இல்லை. தமிழுக்கு மாற கன்ட்ரோலோடு பின்சாய்வுக்கோட்டை அழுத்தினால், எந்த உள்ளீட்டு முறை வேண்டும் என்று கீழே கேட்டது. ஃபாண்ட் தகராறு என்று நினைத்து ஒரு மாலை முழுக்க ஃபாண்ட்டுகளை நிறுவி நிறுவி அழித்தேன். வீண்.

சுலபமான வழி, பழைய அமைப்புக் கோப்பை (நம் விருப்பங்களை எழுதிவைப்பது; ஈமேக்ஸ் திறக்கும்போது படிப்பது) ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. ஐந்து நிமிட வேலை. 29இல் யூஸ்-பேக்கேஜ் (கூடுதல் பேக்கேஜ்களை அமைக்க), எக்லாட் (நிரல் எழுத உதவ) இரண்டும் உள்ளேயே வருவதால் முன்பைப் போல வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. பத்திருபது வரி வைத்திருப்பவர் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

இன்னொன்று டூம், ஸ்பேஸ்மேக்ஸ் மாதிரி, பிறர் எழுதிவைத்த ஆயத்த அமைப்புத் தொகுப்பு. டூமை மூன்று வாரம் ஓட்டினேன். சட்டென்று திறக்கிறது, கோளாறு வந்தால் பார்த்துச் சொல்ல ‘டூம் டாக்டர்’ என்றே ஒரு கட்டளை. ஆனால் விம் என்ற இன்னொரு திருத்தியின் விசைகளோடு வருகிறது. அணைத்துவிடலாம்தான், எனக்குப் பொறுமை இல்லை. அந்த மூன்று வாரத்தில் ஓஎஸ் எதுவும் மாறவில்லை, அதனால் ஒரு மாற்றத்தை டூம் எப்படித் தாங்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

நான் எடுத்தது மூன்றாவது வழி: என் 600 வரிக் கோப்பையே நோண்டிப் பார்ப்பது. முதலில் கட்டளை வரியில் ‘-க்யூ’ (பெரிய எழுத்து Q) என்ற கொடியை, அதாவது கூடுதல் விருப்பத்தை, சேர்த்துத் திறந்தேன். அப்போது நம் அமைப்பு எதையும் ஈமேக்ஸ் படிக்காது. ஒழுங்காகத் திறந்தது, ஆக, தப்பு என் கோப்பில். அப்புறம் ‘--டிபக்-இனிட்’ கொடி, அமைப்புக் கோப்பில் வரும் பிழையைக் காட்டுவது. உடனே பிடிபட்டது: ‘குளோபல்-லைனம்-மோட்’ என்றொரு ஃபங்ஷனே இல்லையாம். வரி எண் காட்டும் பழைய லைனம், 29இல் வழக்கொழிந்தவற்றுக்கான அடைவுக்குப் போய்விட்டது, தானாக ஏறாது. அதற்கு மாற்றான ‘டிஸ்ப்ளே-லைன்-நம்பர்ஸ்-மோட்’ 26இலேயே வந்தாயிற்று. மாற்றாமல் விட்டவன் நான்தான்.

ஒரு வரி தடுக்கினால் அதற்குக் கீழே உள்ள எதையும் ஈமேக்ஸ் படிக்காது. தீமும், தமிழ் உள்ளீட்டு முறையைக் குறிக்கும் ‘தமிழ்-ஐட்ரான்ஸ்’ வரியும் அதற்குக் கீழேதான் இருந்தன. இத்தனையும் திறந்தவுடனேயே எச்சரிக்கை ஜன்னலில் வந்திருக்கிறது; படிக்காமல் மூடியிருக்கிறேன்.

பிழைச் செய்தியே இல்லாமல் மெதுவாகத் திறப்பதும் உண்டு. அதற்குக் கோப்பைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு எந்தப் பாதியிலோ அதை மறுபடி பாதியாக்க வேண்டும். 600 வரியென்றாலும் பத்து முறைக்குள் முடிந்துவிடும். வரியை எண்ணி வெட்டாதீர்கள், அடைப்புக்குறி மூடும் இடமாகப் பார்த்து வெட்டுங்கள். இல்லாவிட்டால் புதுப் பிழை ஒன்று முளைக்கும். பழைய பதிப்பில் கம்பைல் ஆன பேக்கேஜ்கள் மேல் சந்தேகம் வந்தால் 29இல் வந்த ‘பேக்கேஜ்-ரீகம்பைல்-ஆல்’ போதும்.

என்னை இந்தப் பக்கம் சாய்த்தது பராமரிப்பு. உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள) பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒன்று வருகிறது. இன்று துடைத்துவிட்டால், அடுத்ததற்குள் இன்னொரு 300 வரி சேர்ந்திருக்கும். எது எதற்கு என்று அப்போதும் தெரியாது. தேடிச் சரிசெய்ததில் எனக்கு இரண்டு மாலை போனது. ஆனால் ஏன் இருக்கிறது என்றே சொல்ல முடியாத 140 வரிகளும் போயின. மிச்சமுள்ள ஒவ்வொரு துண்டுக்கு மேலும் எந்தப் பதிப்பில், எதற்காகச் சேர்த்தேன் என்று ஒரு கமெண்ட் இருக்கிறது.

உங்கள் கோப்பு முழுக்க அங்கிங்கிருந்து அப்படியே ஒட்டியதென்றால் மட்டும் இந்தப் பாடு வேண்டாம், துடைத்துவிடுங்கள். தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். 29இல் ‘--இனிட்-டைரக்டரி’ கொடியால் அதை எப்போது வேண்டுமானாலும் தனியாகத் திறந்து பார்க்கலாம்.