17 அங்குல அலாய் வீல் மாட்டப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

பெருந்துறை அருகே சர்வீஸ் சாலையோரம், இரவு ஒன்பதரை மணி. முன் இடது சக்கரத்தில் இருந்த ஐந்து போல்ட்டுகளில் இரண்டை வெறும் விரலாலேயே என்னால் திருக முடிந்தது. பின் இருக்கையில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் பத்துக் கிலோமீட்டர் அப்படியே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

என்னுடையது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 குதிரைத் திறன். கம்பெனியிலிருந்து வந்த டயர் 195/55 ஆர்16, அதாவது அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். அதில் எந்தக் குறையும் இருந்ததில்லை. சக்கரம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசைதான் என்னைக் கோவையில் ஒரு கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

“17 அப்படியே உட்காரும் சார். ஃபார்முலா ஒன் காரிலேயே 13-ஐ விட்டுவிட்டு 18-க்கு வந்துவிட்டார்கள்” என்றார் கடைக்காரர். 2022-இல் அப்படி மாறியது உண்மைதான். ஆனால் அந்தப் பந்தய டயரின் மொத்த விட்டம் 720 மி.மீ. அதில் 18 அங்குல ரிம் போக, தரைக்கும் ரிம்முக்கும் நடுவே 131 மி.மீ. ரப்பர் நிற்கிறது. எனக்கு அவர் மாட்டிய 205/40 ஆர்17 டயரில் அந்த உயரம் வெறும் 82 மி.மீ. பழைய டயரில் 107 இருந்தது. பள்ளமே இல்லாத பந்தயத் தடத்தில் ஓடும் காருக்கு 131, நம் சாலையில் ஓடும் காருக்கு 82! இந்தக் கணக்கை வீட்டுக்கு வந்த பிறகுதான் போட்டுப் பார்த்தேன். கடையில் நிற்கும்போதே போட்டிருக்க வேண்டும்.

நான்கு சக்கரம், நான்கு டயர், 72,000 ரூபாய். பழைய செட்டை 12,000-க்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நல்லவேளை, கொடுக்கவில்லை.

முதல் வாரம் கார் முன்பைவிடத் துடிப்பாகப் பாய்வது போல் இருந்தது. அதற்குக் காரணம் சக்கரம் சிறியதாகிவிட்டதுதான். ரிம் பெரிதானாலும் டயரின் மொத்த விட்டம் 621 மி.மீ.யிலிருந்து 596-ஆகக் குறைந்திருந்தது. அதனால் ஒவ்வொரு கியரும் சற்றுக் குட்டையாகி, இழுவை கூடிவிடும். ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிட நான்கு சதவீதம் கூடுதலாகக் காட்டும், காரின் வயிறும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தரையை நெருங்கிவிடும். எங்கள் தெருவின் வேகத்தடை அதை முதல் நாளே சொல்லிவிட்டது. 205/45 ஆர்17 போட்டிருந்தால் விட்டம் 616 மி.மீ. வந்திருக்கும், ஏறக்குறைய பழைய அளவு. அந்த அளவில் கடையில் இருப்பு இல்லை. இருப்பில் இருந்ததை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

டயரின் பாரக் குறியீட்டையும் நான் பார்க்கத் தவறினேன். பழையதில் 87, அதாவது ஒரு டயர் 545 கிலோ தாங்கும். புதியதில் 84, அது 500 கிலோ.

பிறகு நடுக்கம் தொடங்கியது. எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறும். மூன்று முறை பேலன்சிங் செய்தார்கள், மூன்று முறையும் பணம் வாங்கினார்கள். நோய் வேறு இடத்தில் இருந்தது. என் காரின் ஹப், அதாவது வீலின் நடுத்துளைக்குள் நுழையும் குமிழ், 57.1 மி.மீ. அந்த அலாய் வீலின் நடுத்துளை 73.1 மி.மீ. எல்லாக் கார்களுக்கும் ஒரே வீலை விற்பதற்காகத் துளையைப் பெரிதாக வைத்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு வளையம் போட்டு அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். சில நூறு ரூபாய் வளையம். அதைப் போடவே இல்லை, அதனால் சக்கரம் நடுவில் உட்காராமல் உதறியது.

பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் டயர் மட்கார்டில் உரசியது. ஆஃப்செட் (ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளி இருக்கிறது என்ற அளவு) குறைந்த வீல் என்பதால் டயர் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கேட்டபோது, மட்கார்டின் உள்விளிம்பைத் தட்டி மடக்கிவிட்டார்கள். பெயிண்ட் வெடித்த இடத்தில் இப்போது துரு ஏறியிருக்கிறது.

அன்றிரவு ஒரு பள்ளத்தில் இறங்கிய சத்தம் கேட்டுத்தான் நிறுத்தினேன். ரிம் உள்பக்கம் நெளிந்திருந்தது. பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த பெரியவர் டார்ச்சோடு வந்தார். ஒரு போல்ட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, “கண்ணு, இதன் கழுத்தைப் பாருங்கள்” என்றார். உருண்டையான கழுத்து. அதில் நூல் அகலத்துக்கு ஒரே ஒரு பளபளப்பான கோடு. வீலின் குழியோ புனல் மாதிரி கூம்பு வடிவம். உருண்டையும் கூம்பும் அந்த ஒரு கோட்டில் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருந்தன. எவ்வளவு இறுக்கினாலும் அது நிற்காது. என் காரின் பழைய போல்ட்டுகளையே எடுத்து, அவை பொருந்தாத வீலில் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். தொழில் தெரிந்த எவருக்கும் ஒரு நொடியில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. பெரியவருக்கு டார்ச் வெளிச்சத்திலேயே தெரிந்தது.

மற்ற மூன்று சக்கரங்களை நம்பி வண்டியை எடுக்க மனம் வரவில்லை. காரை அவர் கடை முன்பே விட்டுவிட்டு மகளோடு பஸ்ஸில் ஊர் திரும்பினேன். மறுநாள் பழைய 16 அங்குல வீல்களை எடுத்துப் போய் மாட்டினோம். அதே போல்ட்டுகள் அவற்றில் அச்சாக உட்கார்ந்தன. பெரியவர் கூலியாக 200 ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

“பள்ளத்தில் விட்டால் நாங்கள் என்ன செய்வது?” என்பதுதான் கோவைக் கடையின் பதில். என்னிடம் இருப்பது “17 அலாய் செட்” என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு மட்டும். அளவு இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். முறையான பில் இருக்கிறதா என்று அங்கே கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் வாங்கப் போகிறவர்கள், ரிம்மின் அகலம், ஆஃப்செட், போல்ட் வட்டம் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்; போலோவுக்கு ஐந்து போல்ட், 100 மி.மீ.), நடுத்துளை, டயரின் முழு அளவு, பாரக் குறியீடு இத்தனையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த நிமிடமே வெளியே வந்துவிடுங்கள். போல்ட்டின் கழுத்தையும் வீலின் குழியையும் பக்கத்தில் வைத்து உங்கள் கண்ணால் பாருங்கள். ஏர் கன்னால் இறுக்கிவிட்டு ‘முடிந்தது’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ஸ்பேனர் கேளுங்கள், போலோவுக்கு அந்த அளவு 120 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

நெளியாத மூன்று வீல்களும் வீட்டில் சாக்குப் போர்த்திக் கிடக்கின்றன. போன வாரம் ஓர் இளைஞர் தன் போலோவுக்கு அவற்றைக் கேட்டு வந்தார், நல்ல விலையும் சொன்னார். அவருக்கு அந்த போல்ட்டைக் காட்டி, டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.