கெப், ஆக்கர்: எகிப்தின் இரண்டு மண் தெய்வங்கள்

பழைய எகிப்தில் மண்ணுக்கு ஆண் தெய்வம். பேர்பெற்றவர் கெப். ஓவியங்களில் முழங்காலை மடக்கித் தரையில் சாய்ந்து கிடப்பார். மேலே மனைவி நூத் வானமாக வளைந்திருப்பாள். நடுவில் நின்று இருவரையும் பிரித்துவைப்பவர் கெப்பின் அப்பா, காற்றுக் கடவுள் ஷூ! ஒசிரிஸும் சேத்தும் கெப்பின் பிள்ளைகள். ஒசிரிஸின் மகன் ஹோரஸுக்கும் சேத்துக்கும் அரியணைச் சண்டை வந்தபோது தீர்ப்புச் சொன்னவரும் இவரே. முதலில் நாட்டை இரண்டாகப் பிரித்தார். அப்புறம் மனம் மாறி முழுவதையும் ஹோரஸுக்கே கொடுத்தார் என்கிறது எகிப்திய மன்னர் ஷபாகாவின் கல்வெட்டு.

ஆக்கருக்கு இப்படிக் குடும்பக் கதை கிடையாது. ஆனால் உருவம் என்று பார்த்தால் எனக்கு இவரைத்தான் பிடிக்கும்: முதுகோடு முதுகாக இரண்டு சிங்கங்கள், ஒன்று கிழக்கைப் பார்க்கும், மற்றது மேற்கை. இரவில் சூரியன் பாதாளத்தில் போகும் வழிக்குக் காவல். எகிப்திய மன்னர் ஆறாம் ராம்செஸின் கல்லறைச் சுவரில் இவரைப் பார்க்கலாம்.