செனோட்டே டூர்னு சொல்லி 4,800 பேசோ போச்சு, மெக்சிகோ போறவங்க உஷார்

நேத்து நடந்தது, இன்னும் கோவம் அடங்கல. முழுசா படிங்க, கடைசில டிப்ஸ் விவரமா சொல்றேன்.

நானும் அக்காவும் மெக்சிகோல யுகட்டான் பக்கம் வந்ததே செனோட்டேல குளிக்கத்தான். அங்க அடியில பூரா சுண்ணாம்புப் பாறை, தண்ணி அதை அரிச்சு அரிச்சு குகையாக்கி, கூரை இடிஞ்சு விழுந்த இடத்துல நிலத்தடித் தண்ணி கண்ணாடி மாதிரி தெரியும், அதுதான் செனோட்டே. போட்டோ பாத்தாலே குதிக்கத் தோணும்.

ஒரு டூர் புக்கிங் வெப்சைட்ல பிடிச்சோம். சுய்துன், இக் கில்னு ரெண்டு செனோட்டே, அப்புறம் "சிச்சென் இட்சாவின் புனித செனோட்டேயில் நீச்சல்" (சிச்சென் இட்சாங்கறது பழைய மாயா நகரம்), ரெண்டு பேருக்கு 4,800 பேசோ, முழுசும் முன்பணம். எனக்கு லேசா சந்தேகம்தான். அக்காவுக்கு நீச்சல் தெரியாதேன்னு ஏஜென்ட் கிட்ட வாட்ஸப்ல கேட்டேன், அந்த ஆள் ரெண்டு நிமிஷத்துக்கு வாய்ஸ் நோட் அனுப்பினான். லைஃப் ஜாக்கெட் கட்டாயம் அமிகா (ஸ்பானிஷ்ல தோழி), சன்ஸ்கிரீன் பூசிட்டு இறங்க விடமாட்டாங்க, முதல்ல ஷவர்ல குளிக்கணும், இக் கில்ல படி ஈரமா வழுக்கும் அக்கா கையைப் பிடிச்சுக்கோங்கன்னு. சொன்னது அத்தனையும் நிஜம், அதான் கொடுமை. இவ்ளோ அக்கறையா பேசறவன் ஏமாத்துவானான்னு பணத்தைக் கட்டிட்டேன்.

7 மணி வேன் 10:20க்கு வந்துச்சு. சுய்துன்ல உச்சி வெயில் நேரத்துல கூரை ஓட்டை வழியா வெளிச்சம் தூண் மாதிரி இறங்கும், அதுக்குத்தான் போறதே. இன்னைக்குக் கூட்டம்னு சொல்லி டிரைவர் நிறுத்தவே இல்ல, ஆனா ஒரு கைவினைக் கடையில மட்டும் ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சான். சிச்சென் இட்சா டிக்கெட்டும் எங்க காசு. டிரெஸ்ஸுக்குள்ள ஸ்விம் சூட் போட்டுக்கிட்டு வேகாத வெயில்ல புனித செனோட்டேக்கு நடந்து போனா, சுத்தி செங்குத்தா பாறை, ரொம்பக் கீழ பச்சைத் தண்ணி, இறங்க ஒரு படி கூட கிடையாது. அங்க குளிக்க அனுமதியே இல்லையாம்! மாயா ஜனங்க மழை தெய்வத்துக்குக் காணிக்கை போட்ட இடம், 1904ல இருந்து தோண்டி தங்கம், பச்சைக்கல், மனுஷ எலும்பெல்லாம் எடுத்திருக்காங்க. எங்க இறங்கறதுன்னு கேட்டதுக்கு அங்க இருந்த காவலாளி சிரிச்ச சிரிப்பு இருக்கே, மறக்கவே மாட்டேன். இக் கில் போய்ச் சேர்றப்ப கேட் மூடியாச்சு. ஆக 4,800 பேசோவுக்கு கால் கூட நனையல.

ஏஜென்ட் கிட்ட கேட்டா டிரைவர் தப்புங்கறான், டிரைவர் நான் வேற கம்பெனிங்கறான். வெப்சைட்டுக்கு எழுதினா "சேவை வழங்கப்பட்டது, 24 மணி நேரம் முன்னாடி கேன்சல் பண்ணிருந்தாதான் ரீஃபண்ட்"னு பதில். என்ன சேவைடா? ராத்திரி ஏஜென்ட் "அமிகா, மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு"ன்னான், காலைல என்னை பிளாக் பண்ணிட்டான். 4,800 பேசோ!

டிப்ஸ் எழுதற மூடே போச்சு, சுருக்கமா: முழு முன்பணம் கட்டாதீங்க. புனித செனோட்டேல நீச்சல்னு எவன் சொன்னாலும் பொய். செனோட்டே டிக்கெட்டை வாசல்லயே வாங்கலாம், கையில பேசோவா வச்சுக்கோங்க.

வயாடொலிட் ஊருக்கு நடுவுலயே ஸாசின்னு ஒரு செனோட்டே இருக்கு, நாங்க தங்கியிருக்கற இடத்துல இருந்து நடந்தே போயிடலாம், அதுவே இன்னைக்குக் காலைலதான் தெரியும். அக்கா துண்டோட ரெடியா நிக்கறா, கிளம்பறோம்.