நட்டு போல்ட்டு கொலுப்படி: ஐந்து படி, நாலடி அகலம்

டிரங்குப் பெட்டி, ஸ்டூல், பலகை, உயரம் சரிக்கட்டப் பழைய புத்தகக் கட்டு. வீட்டில் படி கட்டுவது ஒரு காலத்தில் இப்படித்தான். அடுக்குமாடி வீட்டில் இப்போது பெட்டியும் இல்லை, பலகையும் இல்லை. அந்த இடத்துக்கு வந்திருக்கிறது கழற்றி மாட்டும் இரும்புப் படி. இங்கே பார்ப்பது பவுடர் கோட்டிங் செய்த ஐந்து படி செட். அகலம் 4 அடி, படியின் ஆழம் 9 அங்குலம், படிக்குப் படி உயர்வு 8 அங்குலம்.

முதலில் இடம். தரையில் 45 அங்குலம், அதாவது மூன்றே முக்கால் அடி பிடிக்கும். பின்னால் கை நுழைய இடைவெளியும் வேண்டும். முன்னால் கோலம், குத்துவிளக்கு, பாட வருகிறவர்கள் உட்கார இடம் எல்லாம் மிஞ்சுமா என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மிஞ்சாவிட்டால் மூன்று படி போதும். நாலு படி செட் யாராவது விற்றால் சீந்தாதீர்கள், ஒற்றைப்படைதான் முறை. அகலத்தைக் குறைத்து 3 அடியில் வாங்கினால் தசாவதாரம் ஒரே படியில் அடங்காது. ஆளுக்கு மூன்றரை அங்குலம்தான் வரும், கல்கி கீழ்ப்படிக்கு இறங்கிவிடுவார்.

மாட்டுவதில் பலரும் செய்யும் தப்பு, முதல் போல்ட்டையே இறுக்கி முறுக்கிவிடுவது. அப்புறம் கடைசிப் படியின் துளை பொருந்தவே பொருந்தாது. எல்லாவற்றையும் இரண்டு சுற்று மட்டும் திருகி, ஐந்து படியும் உட்கார்ந்த பிறகு கீழிருந்து மேலாக இறுக்குங்கள். ஒருவர் சட்டத்தைப் பிடிக்க, ஒருவர் முறுக்க என்று இரண்டு பேர் கட்டாயம். மகாளய அமாவாசை அன்று படி கட்டி, பேருக்கு மரப்பாச்சியையாவது வைத்துவிட வேண்டும் என்பதால், ஒரு வாரம் முன்பே ஒத்திகை பாருங்கள். காலுக்கு ரப்பர் குமிழ் இல்லாமல் வரும் செட்டும் உண்டு. டைல்ஸில் வழுக்கும், கீறலும் விழும்.

பெரிய குறை தகடு. நாலடி நீளத்துக்கு நடுவில் தாங்கல் கிடையாது. மண் பொம்மைகளை நடுவில் குவித்தால் தகடு தொய்கிறது. முன்னும் பின்னும் விளிம்பு மடித்த தகடா என்று பார்த்து எடுங்கள். கனமானவை இரண்டு ஓரங்களிலும், காகிதக்கூழ் பொம்மைகள் நடுவிலும் நிற்கட்டும். கலசம் மட்டும் மேல்படி நடுவில்தான் வேண்டும் என்றால் அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுக்கலாம். 12 அங்குலப் பொம்மையைப் படி நடுவில் வைத்தால் பின்படிக்காரரின் காலை 4 அங்குலம் மறைக்கும். செட்டியாருக்கு மறைப்பு இல்லாமல் கடை விரிக்க வேண்டுமானால் கீழ்ப்படிதான் தோது.

துணிக்கு எட்டு முழ வேட்டி கச்சிதம். ஐந்து படியின் ஏற்ற இறக்கம் 85 அங்குலம், வேட்டியின் நீளம் ஏறக்குறைய 144. மீதியை மேலே பின்பக்கம் மடித்துவிடலாம். ஏழு படிக்கும் இதுவே எட்டும், ஒன்பதுக்கு இன்னொரு வேட்டியை இணைக்க வேண்டும். வேட்டியின் அகலம் சுமார் 50 அங்குலம்தான் என்பதால் பக்கவாட்டில் இரும்பு தெரியும், அதற்குத் தனித் துணி தொங்கவிடுங்கள். வெறும் தகட்டில் துணி வழுக்கும். அடியில் செய்தித்தாள் விரித்தால் வழுக்காது, பொம்மை வைக்கும்போது 'டங்' என்ற சத்தமும் வராது.

சீரியல் விளக்கு ஒயரைத் தகட்டு விளிம்பில் மடக்காதீர்கள். உறை கிழிந்தால் படி முழுக்க ஷாக் அடிக்கும். எண்ணெய் விளக்கு தரையில் மட்டும், துணி படாத தூரத்தில்.

பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு சௌகரியம் இருந்தது. படியாக நின்றதே பொம்மைக்கு வீடாகவும் ஆனது. இதில் பொம்மைக்கு ஒரு பரண், சட்டத்துக்கு ஒரு பரண். இருந்தாலும் அரை மணியில் படி நிற்கிறது, ஆடாமல் நிற்கிறது. தாராளமாக வாங்கலாம்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் படியைக் கழற்றும்போது மரைகளில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். நட்டு, போல்ட்டை எண்ணிச் சுருக்குப் பையில் போட்டு, அந்தப் பையைச் சட்டத்தோடேயே கட்டிவிடுங்கள்.